மெடிசின் பரீட்சைக்கு ஆறு வாரம்: எதைத் திருப்பிப் படிப்பது, எப்படிப் படிப்பது?

மோல்மேனிலிருந்து வந்து ரங்கூனில் இறுதியாண்டு மருத்துவம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, மெடிசின் பரீட்சைக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது. புத்தகத்தை ஒரு தடவை முடித்துவிட்டேன். ஆனால் ரத்தவியல் படிக்கும்போது சிறுநீரகம் மறந்துபோகிறது, சிறுநீரகத்துக்குத் திரும்பினால் ஹார்மோன் மறந்துபோகிறது. எதைத் திரும்பப் படிப்பது, எதை விடுவது? பின்னால் எம்.ஆர்.சி.பி. என்ற பிரிட்டிஷ் மருத்துவத் தேர்வை எழுதும் ஆசையும் இருக்கிறது."

தம்பி, உன் நினைவாற்றலில் குறை ஒன்றும் இல்லை. புத்தகம் நோயின் பெயரில் ஆரம்பித்து அறிகுறிகளுக்கு வருகிறது. வினாத்தாளும் நோயாளியும் அறிகுறியில் ஆரம்பிக்கிறார்கள், பெயரை நீ சொல்ல வேண்டும். ஒரு திசையில் படித்ததை எதிர்த்திசையில் எடுக்கப் பார்ப்பதால்தான் வருவதில்லை. இந்த ஆறு வாரமும் எதிர்த்திசையில் படி. இன்னொன்று, முடிந்தவரை நம் ஊர் வார்டில் படுத்திருக்கும் நோயாளிகளை வைத்துப் படி. அவர்களை நீ கண்ணால் பார்க்கிறாய், தொட்டுப் பார்க்கிறாய். அந்த நினைவோடு சேர்ந்த விவரம் சுலபத்தில் போகாது.

வேலை இப்படி. வெறும் தாளை எடு. மேலே நோயின் பெயரை எழுதாதே, நோயாளி சொல்வதை எழுது: "ஐந்து நாள் காய்ச்சல், பிளேட்லெட் குறைவு." புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, எவை எவையாக இருக்கலாம், ஒவ்வொன்றையும் மற்றதிலிருந்து பிரித்துக் காட்டும் ஒரே ஒரு அடையாளம் என்ன என்று எழுது. வராத இடம் வரும்போது உடனே புரட்டாதே, இரண்டு நிமிடம் தவி. அப்புறம் புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனதை மட்டும் வேறு நிற மையில் நிரப்பு. மூன்று நாள் கழித்து அதே தலைப்பை மறுபடி வெறும் தாளில் எழுது. கோடு போட்டுக்கொண்டே புத்தகத்தை இரண்டாம் தடவை வாசிப்பது படித்த மாதிரி ஒரு திருப்தியைத் தரும், பரீட்சையில் கை கொடுக்காது.

அந்தக் காய்ச்சல் தாளையே எடுத்துக்கொள்வோம். டெங்கு என்றால் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். பிளாஸ்மா கசிவதால் ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறும், மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் 20-க்குக் குறுகும். "காய்ச்சல் விட்டுவிட்டது, வீட்டுக்கு அனுப்பலாமா?" என்று வினாத்தாளில் வந்தால் அது பொறி. ஸ்க்ரப் டைபஸ் என்றால் கருகிய புண் ஒன்று இருக்கலாம். அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில், லுங்கி முடிச்சு இறுகும் இடம் என்று தேடினால்தான் கிடைக்கும். மருந்து டாக்ஸிசைக்ளின். லெப்டோஸ்பைரோசிஸில் கண் சிவந்திருக்கும் ஆனால் பீளை இருக்காது, கெண்டைக்கால் தொட முடியாமல் வலிக்கும், பிலிருபின் எகிறியிருக்கும்போது கல்லீரல் என்சைமான ஏ.எல்.டி. கொஞ்சம்தான் கூடியிருக்கும், சிறுநீரகம் கெட்டிருந்தும் பொட்டாசியம் குறைந்திருக்கும். அந்தக் கடைசி விவரம் வினா தயாரிப்பவர்களுக்கு மிகவும் பிடித்தது. டைபாய்டுக்கு முதல் வாரத்தில் ரத்த கல்ச்சர்.

மலேரியாவுக்குக் கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பூசிப் பார்ப்போம்: தடித்த பூச்சு கிருமி இருக்கிறதா என்று காட்டும், மெல்லிய பூச்சு எந்த வகை என்று காட்டும். கடுமையான மலேரியாவுக்கு ஊசிவழி ஆர்ட்டிசுனேட், கிலோவுக்கு 2.4 மில்லிகிராம், சேர்த்தவுடன், 12-ஆம் மணி, 24-ஆம் மணி, பிறகு தினம் ஒன்று. 20 கிலோவுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம். இந்த மருந்து க்வினைனை எப்படி ஓரம்கட்டியது என்பதிலும் நம் நாட்டுக்குப் பங்குண்டு. 2005-இல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வு பர்மா, வங்கதேசம், இந்தியா, இந்தோனேசியா நோயாளிகளிடம் நடந்தது. க்வினைன் பெற்றவர்களில் 22 சதவீதம் பேர் இறந்தார்கள், ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15 சதவீதம். க்வினைன் இன்சுலினைச் சுரக்கவைத்துச் சர்க்கரையை இறக்கும் என்பதையும் இதோடு சேர்த்து வைத்துக்கொள்.

சரி, இப்போது நான் மிக முக்கியமாகச் சொல்ல நினைப்பதற்கு வருகிறேன். ஒரே ஒரு நோயாளியை முழுசாகப் புரிந்துகொண்டால் ஐந்து அத்தியாயம் திருப்பிப் படித்தாகிவிடும். அந்த நோயாளி, கண்ணாடி விரியன் கடித்த விவசாயி.

டாலா, டுவாண்டே, பெகு பக்கத்து நெல்வயல்களிலிருந்து அறுவடைக் காலத்தில் வருகிறார்கள். நம் தமிழ்க் குடும்பத்து விவசாயிகளும் அதில் உண்டு. கால் வீங்கியிருக்கும், ஈறிலிருந்து ரத்தம் கசியும். நீ செய்ய வேண்டிய முதல் சோதனைக்கு இயந்திரம் எதுவும் தேவையில்லை. புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்தி வை. பிறகு ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார். ரத்தம் தண்ணீராக ஓடினால் உறையவில்லை, உடம்பில் விஷம் வேலை செய்கிறது. பிளாஸ்டிக் குழாய் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் கூடாது. கண்ணாடியின் மேற்பரப்பு பட்டுத்தான் உறைதல் தொடங்குகிறது, சோப்பு அதைக் கெடுத்துவிடும். ஐந்தாம் நிமிடத்தில் ஆட்டிப் பார்த்தால் சோதனை வீண்.

ஏன் உறையவில்லை? விரியன் விஷம் ஐந்தாம், பத்தாம் உறைகாரணிகளைத் தூண்டிவிடுகிறது. உடம்பு முழுக்க நுண்ணிய உறைவுகள் உண்டாகிக் காரணிகளும் ஃபைப்ரினோஜனும் செலவாகித் தீர்ந்துவிடுகின்றன. இங்கேயே ரத்தவியலின் ஒரு பெரிய பகுதியை முடித்துவிடலாம். இவருக்கு ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் பி.டி., ஏ.பி.டி.டி. இரண்டும் நீளும், ஃபைப்ரினோஜன் குறையும், உறைவு கரைந்ததைக் காட்டும் டி-டைமர் கூடும், பிளேட்லெட் குறையும். உடம்பே தன் பிளேட்லெட்டை அழிக்கும் ஐ.டி.பி.யில் பிளேட்லெட் மட்டும்தான் குறையும், பி.டி., ஏ.பி.டி.டி. சரியாக இருக்கும். சின்ன நாளங்களில் பிளேட்லெட் உறைவுகள் அடைக்கும் டி.டி.பி.யிலும் அவை பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஆனால் பூச்சில் உடைந்த சிவப்பணுக்கள் தெரியும். கல்லீரல் நோயில் எட்டாம் காரணி குறையாது, சில சமயம் கூடவும் செய்யும், விரியன் நோயாளியிடம் அது குறையும். வைட்டமின் கே குறைந்தால் ஏழாம் காரணி முதலில் போவதால் பி.டி. முதலில் நீளும்.

விஷமுறிவு மருந்து கொடுக்காமல் பிளாஸ்மா மட்டும் ஏற்றினால் என்ன ஆகும்? ஏற்றிய காரணிகளையும் விஷம் தீர்த்துவிடும். மருந்து கொடுத்த பிறகு ஆறு மணி நேரம் கழித்து ஏன் மறுபடி குழாய்ச் சோதனை? விஷம் முறிந்த பின் கல்லீரல் புதுக் காரணிகளை உண்டாக்க அவ்வளவு நேரம் பிடிக்கும். குழந்தைக்கு அளவைக் குறைக்கலாமா? கூடாது, பாம்பு குழந்தைக்கென்று குறைவாக விஷம் செலுத்துவதில்லை. மருந்து ஒத்துக்கொள்ளாமல் ரத்த அழுத்தம் விழுந்தால், பெரியவருக்கு அட்ரினலின் அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். இந்த ஒவ்வொரு பதிலும் தனித்தனி எம்.சி.க்யூ.வாக வரக்கூடியது.

ரத்தத்திலிருந்து சிறுநீரகத்துக்கு வா. சிறுநீர் குறைகிறது, கிரியாட்டினின் ஏறுகிறது. நுண்ணுறைவுகள், அழுத்தம் விழுந்தது, விஷத்தின் நேரடித் தாக்கு எல்லாம் சேர்ந்து சிறுநீரகக் குழல்கள் சாகின்றன. சிலருக்குப் புறணியே அழிந்துபோகும், அவர்களுக்குச் சிறுநீர் முற்றிலும் நின்றுவிடும், சிறுநீரகம் பழையபடி மீள்வது அரிது. பொட்டாசியம் 6.8, இ.சி.ஜி.யில் டி அலை கூர்மையாக இருக்கிறது என்று கேள்வி வந்தால் முதல் மருந்து கால்சியம் குளுக்கோனேட். அது பொட்டாசியத்தை ஒரு புள்ளிகூடக் குறைக்காது, இதயத் தசையைக் காக்கும். குறைப்பது இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும், அதுவும் செல்லுக்குள் தள்ளுவதுதான். உடம்பை விட்டு வெளியே எடுக்க டயாலிசிஸ் வேண்டும்.

அடுத்தது பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துபோகிற இடம். சில நோயாளிகளின் கண் வெண்படலம் நீர்கோத்துப் புடைத்து நிற்கும். நாளங்கள் கசிகின்றன என்று அதற்கு அர்த்தம், அவரை விடாமல் கவனி. இப்படிப்பட்டவர்களில் சிலருக்குப் பிட்யூட்டரி சுரப்பிக்குள் ரத்தம் கசிந்து அது செத்துவிடும். பிரசவத்தில் அதிக ரத்தம் போன தாய்க்கு வருமே ஷீஹான் சிண்ட்ரோம், அதே நிலை. கண்ணாடி விரியன் கடித்து இப்படி ஆவதை 1987-இல் லான்செட் இதழில் விரிவாக எழுதியவர்கள் பர்மிய நோயாளிகளைப் பார்த்த மருத்துவர்கள்தான். சலைன் ஏற்றியும் அழுத்தம் ஏறவில்லை, சர்க்கரை காரணமில்லாமல் இறங்குகிறது என்றால் ஹைட்ரோகார்ட்டிசோனை நினை. மாதங்கள், ஏன் வருஷங்கள் கழித்தும் ஒருவர் வருவார்: சோர்வு, குளிர் தாங்கவில்லை, அக்குள் முடி உதிர்ந்துவிட்டது, தாம்பத்தியத்தில் நாட்டமில்லை. "எப்போதாவது பாம்பு கடித்ததா?" என்று கேட்டால்தான் சொல்வார்.

இவரை வைத்து ஹார்மோன் அத்தியாயத்தைப் பிரித்துப் பார். பிட்யூட்டரி கெட்டதால், அட்ரினல் சுரக்கும் கார்ட்டிசால் குறைந்தவருக்குத் தோல் கறுக்காது, பொட்டாசியம் ஏறாது. அட்ரினலைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான ஏ.சி.டி.எச். இல்லாததால் கறுப்பு இல்லை. பொட்டாசியத்தை வெளியேற்றும் ஆல்டோஸ்டிரோனை நடத்துவது சிறுநீரகத்தின் ரெனின் என்பதால் பொட்டாசியம் கெடவில்லை. அட்ரினல் சுரப்பியே கெட்ட அடிசன் நோயாளிக்கு இரண்டும் நேர்மாறு. நம் நாட்டில் அடிசன் என்றதும் டி.பி.யைத் தேட வேண்டும். சோடியம் மட்டும் இரண்டு பேருக்கும் குறையலாம், கார்ட்டிசால் இல்லாவிட்டால், உடம்பில் தண்ணீரைத் தேக்கும் ஏ.டி.எச். கூடிவிடுகிறது. அதனால்தான் கார்ட்டிசாலும் தைராய்டும் சரியாக இருக்கின்றன என்று பார்க்காமல் எஸ்.ஐ.ஏ.டி.எச். (ஏ.டி.எச். தேவையில்லாமல் சுரக்கும் நிலை) என்று முத்திரை குத்தக் கூடாது என்கிறார்கள். தைராய்டு சோதனையில் பிட்யூட்டரி சுரக்கும் டி.எஸ்.எச். சாதாரணமாகவே இருக்கலாம், தைராய்டு சுரக்கும் டி4 குறைந்திருக்கும், டி.எஸ்.எச். ஒன்றை மட்டும் பார்ப்பவர் இவரைத் தவறவிட்டுவிடுவார். முதலில் கார்ட்டிசால், பிறகுதான் தைராக்சின். மாற்றிக் கொடுத்தால் இருக்கும் கொஞ்சக் கார்ட்டிசாலும் வேகமாகச் செலவாகி நோயாளி சரிந்துவிடுவார். பிட்யூட்டரி கெட்டு சில நாளே ஆனவருக்கு சினாக்தென் சோதனை (செயற்கை ஏ.சி.டி.எச். கொடுத்து அட்ரினலைத் தூண்டிப் பார்ப்பது) சரியாகவே வரும், அட்ரினல் இன்னும் சுருங்கவில்லையே.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதே விரியனின் விஷத்தை நீர்த்துப்போகச் செய்து ஆய்வகத்தில் ஒரு சோதனைக்குப் பயன்படுத்துகிறார்கள். ஆன்டிபாஸ்போலிபிட் சிண்ட்ரோமில் லூபஸ் ஆன்டிகோயாகுலண்ட் என்ற எதிர்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. அந்த எதிர்பொருள் இருந்தால் குழாயில் உறையும் நேரம் நீளும், சாதாரண பிளாஸ்மா கலந்தாலும் சரியாகாது, பாஸ்போலிபிட் கூடுதலாகச் சேர்த்தால் சரியாகும். ஆனால் நோயாளிக்கு ரத்தக் கசிவு வராது, உறைவுதான் வரும். திரும்பத் திரும்பக் கருச்சிதைவு, காலில் உறைவு, நீண்ட ஏ.பி.டி.டி. மூன்றும் சேர்ந்து வரும் கேள்விக்கு இதுதான் பதில். ஒரு பாம்பு உன்னை ரத்தவியல், சிறுநீரகம், ஹார்மோன், உப்புகள், மூட்டியல் என்று எல்லா இடத்துக்கும் கூட்டிப்போய்விட்டது பார். இப்படி நீயே இன்னும் நாலைந்து நோயாளிகளைத் தேர்ந்தெடுத்துக்கொள்.

நான் தேர்ந்தெடுத்தால் அடுத்தது மெலியோய்டோசிஸ், மண்ணிலிருந்து தொற்றும் பாக்டீரியா நோய். இது ரங்கூனில் கண்டுபிடிக்கப்பட்ட நோய். 1911-இல் இங்கே பிரேதப் பரிசோதனைகளில் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். மார்ஃபின் ஊசிக்கு அடிமையாகி ஆதரவில்லாமல் செத்துப்போனவர்கள் பலர் அதில் இருந்தார்கள். 1912-இல் அவரும் சி.எஸ்.கிருஷ்ணசாமியும் சேர்ந்து இந்தியன் மெடிக்கல் கெசட்டில் எழுதினார்கள். விட்மோர் நோய் என்று ஒரு பெயர் இன்றும் புத்தகங்களில் இருக்கிறது. கிருஷ்ணசாமியின் பெயரும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நோயாளி எப்படி இருப்பார்? மண்ணிலும் சேற்றிலும் வேலை செய்யும் சர்க்கரை நோயாளி, மழைக்காலம், நிமோனியா, ஸ்கேனில் கல்லீரலிலும் மண்ணீரலிலும் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகள். அல்லது மேல் நுரையீரலில் குழி, டி.பி. என்றே நினைக்கும்படி இருமல், ஆனால் சளியில் டி.பி. கிருமி இல்லை. ஆய்வகம் "சூடோமோனாஸ் வகை" என்று எழுதி அனுப்பலாம். ஜென்டமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் கட்டுப்படாமல் கோ-அமாக்ஸிகிளாவுக்குக் கட்டுப்பட்டால் சந்தேகப்படு. சிகிச்சை இரண்டு கட்டம்: செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் குறைந்தது 10 முதல் 14 நாள் ஊசியாக, பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரை 12 வாரம். இரண்டாம் கட்டத்தைப் பாதியில் விட்டால் நோய் திரும்பும். எம்.ஆர்.சி.பி.யில் "தாய்லாந்திலிருந்து திரும்பிய சர்க்கரை நோயாளி" என்று ஆரம்பிக்கும் கேள்வி வந்தால், அவர் நம் வார்டில் படுத்திருப்பவர்தான்.

ரத்தசோகையை நம் ஊர்க் கண்ணோடு படிக்காவிட்டால் தடுமாறுவாய். வெளிநாட்டு வினா வங்கியில் சிவப்பணு சிறுத்திருந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. இங்கே பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் ஈயும் தலசீமியாவும் சாதாரணம். எம்.சி.வி.யை (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) மில்லியனில் சொல்லும் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பார். எம்.சி.வி. 65, எண்ணிக்கை 5.8 என்றால் விடை சுமார் 11. பதின்மூன்றுக்குக் கீழே என்பதால் தலசீமியா பக்கம். எம்.சி.வி. 70, எண்ணிக்கை 3.9 என்றால் சுமார் 18, இரும்புக் குறைவு பக்கம். இது வழிகாட்டும், முடிவு சொல்வது இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோஃபோரசிஸும். இரும்பு குறைந்திருக்கும்போது ஹீமோகுளோபின் ஏ2 இறங்கி பீட்டா தலசீமியாவை மறைக்கும் என்பதையும் எழுதிக்கொள். ஹீமோகுளோபின் ஈ தனியாக இருந்தால் பெரிய தொந்தரவில்லை. ஒருவருக்கு அது, துணைக்குப் பீட்டா தலசீமியா என்று இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் கடுமையான நோய் வரலாம்.

இப்படிப்பட்ட ரத்தத்தில், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி நம்பத்தக்கதல்ல. சிவப்பணு சீக்கிரம் அழிந்தால் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும், ரத்தச் சர்க்கரையை நேரடியாகப் பார்க்க வேண்டும். சிவப்பணுவைக் காக்கும் என்சைமான ஜி6பிடி குறைவும் இங்கே அடிக்கடி உண்டு. வைவாக்ஸ் மலேரியாவில் கல்லீரலில் தூங்கும் கிருமிக்கு ப்ரைமாக்வின் கொடுக்கும் முன் அதைப் பார். ரத்தம் அழிந்த உடனே சோதித்தால் புதுச் சிவப்பணுக்களில் என்சைம் கூடுதலாக இருப்பதால் முடிவு சரியென்று வந்து ஏமாற்றும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், காரணத்தோடு படித்தால் போதும். டி.பி. மருந்துகளின் பக்கவிளைவுகள் கட்டாயம் வரும்: ஐசோனியசிட் நரம்பைத் தாக்கும், பைரிடாக்சின் சேர்த்துக் கொடு. எத்தாம்ப்யூட்டால் கண்ணைத் தாக்கும், முதலில் சிவப்பு-பச்சை மங்கும். பைரசினமைட் யூரிக் அமிலத்தை ஏற்றும். ரிஃபாம்பிசின் கல்லீரல் என்சைம்களைத் தூண்டி மற்ற மருந்துகளைத் தோற்கடிக்கும், கருத்தடை மாத்திரையும் அதில் அடக்கம். வயிற்று நீருக்கு சீரம் அல்புமினிலிருந்து நீர் அல்புமினைக் கழி, லிட்டருக்கு 11 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் நாளத்தில் அழுத்தம் கூடியிருக்கிறது. அந்த நீரில் நியூட்ரோஃபில் (ஒரு வகை வெள்ளையணு) கன மில்லிமீட்டருக்கு 250-க்கு மேல் என்றால் தொற்று. நாள்பட்ட சோடியம் குறைவை 24 மணி நேரத்தில் லிட்டருக்கு 10 மில்லிமோலுக்கு மேல் ஏற்றாதே. எச்.ஐ.வி.யில் சிடி4 (நோயை எதிர்க்கும் வெள்ளையணு) எண்ணிக்கையை ஏணியாக வைத்துப் படி: 200-க்குக் கீழே நியூமோசிஸ்டிஸ், 100-க்குக் கீழே கிரிப்டோகாக்கஸ். நம் பகுதியில் டலாரோமைசிஸ் என்ற பூஞ்சைத் தொற்றையும் சேர்த்துக்கொள், முகத்தில் நடுவில் குழிந்த பருக்கள்.

எதை விடுவது என்று கேட்டாய். வாழ்நாளில் ஒருமுறை பார்க்கும் பரம்பரை நோய்களின் மரபணுப் பெயர்கள், ஒருவர் பெயரில் வழங்கும் அபூர்வ அடையாளங்களின் பட்டியல், புதுப் புற்றுநோய் மருந்துகளின் வரிசை, இவற்றைக் கடைசி ஆறு வாரத்தில் தொடாதே. அந்த நேரத்தை இ.சி.ஜி., உப்புகள், மருந்துப் பக்கவிளைவு, அவசர சிகிச்சையின் முதல் படி ஆகியவற்றுக்குக் கொடு.

கேள்விகள் செய்து பழகும்போது சரியான விடையோடு நிற்காதே. ஐந்தில் மற்ற நான்கும் ஏன் இல்லை, என்ன மாறியிருந்தால் அந்த விடை சரியாகியிருக்கும் என்று வாய்விட்டுச் சொல். நீ பர்மியத்தில் நோயாளியிடம் பேசி, ஆங்கிலத்தில் படிக்கிறாய். வீட்டில் அம்மாவிடம் தமிழில் விளக்கிப் பார். "விரியன் கடித்தால் ஏன் ரத்தம் உறையாது?" என்று அவருக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால் தேர்வாளரிடமும் சொல்வாய். தடுக்கும் இடம் எதுவோ அதுதான் நீ இன்னும் படிக்காத இடம்.

வாய்மொழித் தேர்வில் முதலில் ஆளைக் காப்பாற்றும் காரியத்தைச் சொல், பிறகு காரணம், பிறகு சோதனைகள். மயங்கிக் கிடக்கும் நோயாளி என்றால் ஸ்கேனுக்கு முன் சர்க்கரை பார்ப்பேன் என்று சொல்லாத மாணவனைத் தேர்வாளர் மன்னிப்பதில்லை.

எம்.ஆர்.சி.பி.க்கும் இதே தாள்கள் உதவும், ஆனால் அலகுகளை இப்போதே பழகிக்கொள். இங்கே சர்க்கரை டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் வருகிறது, அங்கே லிட்டருக்கு மில்லிமோலில். பதினெட்டால் வகுக்க வேண்டும்: வெறும் வயிற்றில் 126 என்பது 7, இரண்டு மணி நேரத்தில் 200 என்பது 11.1. கிரியாட்டினினை 88.4-ஆல் பெருக்கு, நம் 2 அங்கே 177. ஹெச்பிஏ1சி 6.5 சதவீதம் அங்கே மோலுக்கு 48 மில்லிமோல். உன் தாள்களில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் மற்ற அலகையும் இன்றிலிருந்தே எழுத ஆரம்பி.